நடுவில் பாம்பு, இரு பக்கமும் சிறகு: ராணுவ விமான மருத்துவர் பேட்ஜ்

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருப்பதால் மண்டபம் ரோட்டில் போய்வருகிற யாருக்கும் கடற்படை விமானச் சத்தம் புதிதில்லை. இடது மார்பில் பைக்கு மேலே சிறகு குத்தியிருந்தால் அவர் விமானி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுப் படைகளின் புகைப்படங்களைக் கவனித்துப் பார்த்தால் இன்னொரு வகைச் சிறகு கண்ணில் படும். சிறகு அதே சிறகுதான். நடுவில் மட்டும் ஒரு கோல், கோலைச் சுற்றிப் பாம்பு. சிலவற்றில் பாம்புக்குப் பதில் ஒரு ஓக் இலை. போட்டிருப்பவர் விமானி இல்லை, மருத்துவர். ஃப்ளைட் சர்ஜன் என்பார்கள். பேரில்தான் சர்ஜன், அறுவை சிகிச்சைக்கும் இவருக்கும் சம்பந்தம் குறைவு.

விமானிக்கு வைத்தியம் பார்ப்பவருக்கெல்லாம் கொடுப்பதாக இருந்தால் ராணுவ ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் சிறகோடு திரிய வேண்டியிருக்கும். விமானியின் உடம்பு மேலே என்ன பாடு படுகிறதோ அதைத் தானும் பட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவருக்குத்தான் இது. பேட்ஜின் வரலாறு, அதற்கான தகுதி, அதைத் தக்கவைத்துக்கொள்ளும் நிபந்தனை மூன்றும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

விமானிக்குச் சிறகு 1913லேயே வந்துவிட்டது. பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர்ஸ், அமெரிக்கத் தரைப்படை இரண்டும் அந்த ஆண்டில்தான் விமானி பேட்ஜைக் கொண்டுவந்தன. மருத்துவருக்கு அது கிடைக்க இன்னும் 30 வருடம் ஆனது. முதல் உலகப்போரில் விமானிகள் செத்துக்கொண்டிருந்தார்கள், எதிரி சுட்டதால் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் கணக்கு என்று அன்றைய அமெரிக்க மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன எண் ஒன்று உண்டு: நூறு சாவில் 2 எதிரியால், 8 விமானக் கோளாறால், 90 விமானியின் சொந்தக் குறையால். எண்கள் இவ்வளவு வழவழப்பாக இருப்பதே சந்தேகப்பட வைக்கிறது. இருந்தாலும் காரியம் நடந்தது. 1917ல் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவுக்குத் தலைமை மருத்துவராக வந்த தியோடர் லிஸ்டர் அடுத்த ஆண்டு நியூயார்க் பக்கத்தில் மினியோலாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்க வைத்தார். பொறுப்பேற்றவர் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர்.

அங்கே நடந்த முக்கியமான சோதனை ரீபிரீதர். ஆளை உட்கார வைத்து மூக்கை கிளிப்பால் அடைத்து, ஒரு மூடிய தொட்டிக் காற்றையே திரும்பத் திரும்ப மூச்சுவிட வைப்பார்கள். வெளிவிடும் கரியமில வாயுவை ரசாயனம் உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜன் மட்டும் படிப்படியாகக் குறையும். தரையில் உட்கார்ந்தபடியே ஆள் உயரத்துக்குப் போய்விடுவான். நாடி, ரத்த அழுத்தம், கை நடுக்கம், கவனம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, எந்த இடத்தில் ஆள் சரிகிறான் என்று பார்ப்பார்கள். இந்தக் கூடத்தோடு ஒட்டி வளர்ந்ததுதான் ஃப்ளைட் சர்ஜன் பள்ளி. லூயிஸ் பாயர் அதன் ஆரம்பத் தலைவர். பள்ளி பின்னால் டெக்சாஸின் புரூக்ஸ், ரேண்டால்ஃப், மறுபடி புரூக்ஸ் என்று இடம் மாறி 2011ல் ஒஹாயோவின் ரைட் பேட்டர்சன் தளத்துக்குப் போனது. கடற்படைக்கு அப்போது தனிப் பள்ளி கிடையாது. 1922ல் அவர்களுடைய முதல் மருத்துவர்களும் தரைப்படைப் பள்ளியில்தான் படித்தார்கள்.

பேட்ஜ் வந்தது 1943 பிப்ரவரியில். இரண்டாம் உலகப்போரின் நடுவில், அமெரிக்கத் தரைப்படை விமானப் பிரிவு தன் மருத்துவர்களுக்குத் தங்க நிறச் சிறகைக் கொடுத்தது. நடுவில் இரட்டைப் பாம்புக் கோல். அதே மாதம் 18ம் தேதி கென்டக்கியில் பௌமன் ஃபீல்டில் விமான நர்ஸ்களின் முதல் வகுப்பு முடிந்தது. விழாவுக்கு வந்த தலைமை மருத்துவர் டேவிட் கிராண்ட், நர்ஸ்களுக்கென்று பேட்ஜ் எதுவும் தயாராகவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, தன் சட்டையில் இருந்த ஃப்ளைட் சர்ஜன் சின்னத்தைக் கழற்றி, வகுப்பில் முதலாவதாக வந்த ஜெரால்டின் டிஷ்ரூனுக்குக் குத்திவிட்டார். இனி நர்ஸ் பேட்ஜும் இதே மாதிரிதான், மேலே 'N' என்ற ஆங்கில எழுத்து மட்டும் சேரும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அப்படியே ஆனது. அளவில் கொஞ்சம் சிறிய சிறகு, கோலின் மேல் 'N'. அலுவலகக் கோப்பு நகர்வதற்கு முன்னால் சட்டை ஊசி நகர்ந்த சந்தர்ப்பங்கள் ராணுவ வரலாற்றில் ரொம்பக் கிடையாது.

1944 செப்டம்பரில் தங்க நிறம் வெள்ளியாக மாறியது. 1947ல் விமானப்படை தனிப் படையான பிறகு நடுச் சின்னமும் மாறி ஒற்றைப் பாம்புக் கோலானது. இதை மாற்றியது நல்ல காரியம். இரட்டைப் பாம்பும் உச்சியில் சிறு சிறகும் கொண்ட கோல் கிரேக்கக் கதைகளில் ஹெர்மஸுடையது. தூதுக்கும் வியாபாரத்துக்குமான தெய்வம் அது. வைத்தியத்துக்கான அஸ்கிளிபியஸின் கையில் இருப்பது சிறகில்லாத, ஒற்றைப் பாம்புக் கோல். அமெரிக்கத் தரைப்படை மருத்துவப் பிரிவு 1902ல் முதலாவதை எடுத்துச் சட்டைக் காலரில் போட்டுக்கொண்டது, அந்தப் பழக்கம் விமான பேட்ஜிலும் தொற்றியது. நம் ஊர் மெடிக்கல் ஷாப் போர்டுகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் எது இருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், இரண்டும் கலந்துதான் இருக்கும்.

அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை பிரிந்துபோன பின் தன் ஹெலிகாப்டர் பிரிவுகளுக்காக 1956ல் தனி பேட்ஜ் வைத்துக்கொண்டது. கேடயத்தின் மேல் ஒற்றைப் பாம்புக் கோல், இரு பக்கமும் சிறகு, கறுப்பேற்றிய வெள்ளி. அனுபவப் படிகள் மூன்று. வெறும் கேடயம் என்றால் முதல் படி. மேலே ஒரு நட்சத்திரம் இருந்தால் சீனியர். நட்சத்திரத்தைச் சுற்றி இலை வளையமும் இருந்தால் உச்சப்படி, தரைப்படையில் மாஸ்டர், விமானப்படையில் சீஃப். கடற்படைக்குத் தங்கச் சிறகு. நடுவில் நீள்வட்டம், அதில் தங்க ஓக் இலை, இலையின் மேல் வெள்ளி ஓக் கொட்டை. அது அமெரிக்கக் கடற்படை மருத்துவப் பிரிவின் அடையாளம், பாம்புக்கு அங்கே இடமில்லை.

பிரிட்டிஷ் விமானப்படை வேறு பாதையில் போனது. சில மருத்துவர்களை விமானிகளாகவே பயிற்றுவித்து விமானிச் சிறகையே போட வைத்தார்கள். ரோலண்ட் வின்ஃபீல்ட் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களில் தாக்குதலுக்கே கூடப் போய், சோர்வும் குளிரும் ஆக்சிஜன் குறைவும் ஆட்களை என்ன செய்கின்றன என்று நேரில் பார்த்தார். பறப்பு வீரத்துக்குக் கொடுக்கும் டி.எஃப்.சி. விருதும் வாங்கினார். தனி பேட்ஜ் கொடுத்த அமெரிக்க முறை, விமானியாகவே ஆக்கிய பிரிட்டிஷ் முறை இரண்டில் எது மேல் என்று கேட்டால், ஆராய்ச்சிக்குப் பிரிட்டிஷ் முறை, அன்றாட ஸ்குவாட்ரன் வேலைக்கு அமெரிக்க முறை என்று சொல்லலாம். எல்லா மருத்துவரையும் விமானியாக்க எந்தப் படையிடமும் பணமும் கிடையாது, நேரமும் கிடையாது.

தகுதிக்கு வருவோம். மூன்று அமெரிக்கப் படைகளிலும் அடிப்படை ஒன்றுதான்: மருத்துவப் பட்டம், உரிமம், பறப்பதற்கான உடல் தகுதி, விமான மருத்துவ அடிப்படைப் பயிற்சி. தரைப்படைக்கு அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில், விமானப்படைக்கு ரைட் பேட்டர்சனில், கடற்படைக்கு ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில். தரைப்படைப் பயிற்சி வாரக் கணக்கில் முடிந்துவிடும். கடற்படைப் பயிற்சி மாதக் கணக்கில் நீளும், ஏனென்றால் அதில் விமானம் ஓட்டும் பாடமும் கலந்திருக்கிறது. வகுப்பறைப் பாடத்தை விடுங்கள், அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆளை மாற்றுவது அழுத்தக் குறைப்பு அறை. எல்லோரும் சேம்பர் என்றுதான் சொல்வார்கள்.

சேம்பர் என்பது பெரிய இரும்பு அறை. உள்ளே இரண்டு வரிசை இருக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆக்சிஜன் மாஸ்க், ஒரு ரெகுலேட்டர். வெளியே பம்ப் காற்றை உறிஞ்ச, உள்ளே அழுத்தம் குறைந்து உயரம் ஏறுவதுபோல் ஆகும். முதலில் 5,000 அடி அளவுக்கு ஏற்றி இறக்கிக் காதைச் சோதிப்பார்கள். சளி பிடித்திருக்கிறவர் இங்கேயே வெளியே வந்துவிட வேண்டும். பிறகு 30 நிமிடம் சுத்தமான ஆக்சிஜன், ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனைக் கழுவி எடுக்க. அப்புறம் 25,000 அடி.

அந்த உயரத்தில் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் மாஸ்கைக் கழற்றுவார்கள், மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் ஒரு தாள்: 100லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போ, பெயரை எழுது, படம் வரை. முதல் நிமிடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் கையெழுத்து பெரிதாகிறது. மூன்றாவதில் ஒரே எண்ணைத் திரும்ப எழுதுகிறான், அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான். நகம் நீலமாகிறது. 25,000 அடியில் பயனுள்ள நினைவு இருப்பது 3லிருந்து 5 நிமிடம். 30,000ல் 1லிருந்து 2 நிமிடம், 35,000ல் அரையிலிருந்து ஒரு நிமிடம், 40,000ல் 15லிருந்து 20 விநாடி. இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லும் மருத்துவரும் சேம்பரில் உட்கார்ந்தால் தன் நினைவு தப்புவதைத் தானே கவனிக்க மாட்டார், அதுதான் அங்கே பாடம். ஒருவருக்கு விரல் நுனி கூச்சம், இன்னொருவருக்கு முகம் சூடாவது, வேறொருவருக்குக் காரணமில்லாத கோபம். ஆளுக்கொரு முதல் அறிகுறி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

திரும்ப மாஸ்க் போட வேண்டிய நேரத்தில் ரெகுலேட்டரில் மூன்று சின்ன சுவிட்சுகள்: சப்ளை, 100 சதவீதம், எமர்ஜென்சி. மூன்றையும் கையால் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். தரையில் குழந்தைக்கும் முடியும். மூளைக்கு ஆக்சிஜன் இல்லாதபோது விரல் அந்தச் சுவிட்சைத் தொட்டபடியே நின்றுவிடும், தள்ளாது. பக்கத்தில் இருப்பவர்தான் தள்ளிவிட வேண்டும். இதை ஒருமுறை பட்ட மருத்துவர், விபத்து விசாரணையில் 'விமானி ஏன் சுவிட்சைப் போடவில்லை' என்று கேட்க மாட்டார்.

என்னென்ன கெடும்? ஏறும்போது வயிற்று வாயு விரியும். 25,000 அடியில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. முந்தின நாள் ராத்திரி பட்டாணிச் சுண்டலும் கோலி சோடாவும் சாப்பிட்டவர் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். சொத்தைப் பல், சரியாக அடைக்காத பல், ஏறும்போது குத்தும். இறங்கும்போது காது. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதிக் காதைத் திறக்க வேண்டும், வலி வருவதற்கு முன்பே. வலி வந்த பிறகு பலமாக ஊதினால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் இன்னும் இறுகும், செவிப்பறை கிழியவும் கிழியும். அப்படி மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற முதல் வழி, சேம்பரைக் கொஞ்சம் மேலே ஏற்றி, காது திறந்ததும் மெதுவாக இறக்குவது. மூக்கில் அடிக்கிற ஸ்பிரேவை மருத்துவர் பையில் வைத்திருப்பார், அது இறங்குவதற்கு மட்டும். ஸ்பிரே அடித்துக்கொண்டு ஏறலாம் என்று நினைக்கக் கூடாது, மேலே அதன் வேகம் தீர்ந்தால் இறங்கும்போது காது பூட்டிக்கொள்ளும். சேம்பர் முடிந்த அன்று ஓட்டம், ஜிம் எதுவும் கிடையாது. மூட்டில் வலி, தோலில் புள்ளி, தலைசுற்றல் வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துச் சங்கு குளிப்பவர்களுக்கு இதில் பாதி புத்தகமில்லாமலே தெரியும். கடலில் 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தால் அழுத்தம் பாதியாகும். தரையிலிருந்து 18,000 அடி ஏறினாலும் பாதிதான். காது அடைப்பு, மூக்கில் ரத்தம், மூட்டுக் குடைச்சல் எல்லாம் ஒரே இயற்பியல். அதனால்தான் விமான மருத்துவரும் ஆழ்கடல் மருத்துவரும் ஒருவர் பாடத்தை மற்றவர் படிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து: காற்று உருளையோடு முங்கியவர் அதே நாளில் விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு சாதாரண முங்கல் என்றால் குறைந்தது 12 மணி, பல நாள் தொடர்ந்து முங்கியிருந்தால் 18 மணி, இடையில் நின்று நின்று மேலே வர வேண்டிய ஆழ முங்கல் என்றால் அதற்கும் மேல். மதுரையில் விமானம் பிடிக்கப் போகிற சுற்றுலா டைவர்களுக்கு இதை இங்கே யாராவது போர்டு எழுதி வைத்தால் நல்லது.

போர் விமான ஸ்குவாட்ரனுக்குப் போகிற மருத்துவர் சென்ட்ரிஃபியூஜிலும் ஏற வேண்டியிருக்கும். நீண்ட கையின் நுனியில் ஒரு கூண்டு, சுற்றச் சுற்ற உடம்பின் எடை ஏறும். எத்தனை மடங்கு ஏறுகிறதோ அத்தனை ஜி என்பார்கள். எதுவும் செய்யாமல் தளர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு 3.5லிருந்து 4.5 ஜியில் பார்வை சாம்பலாகும், பிறகு கறுக்கும், பிறகு நினைவு போகும். மெதுவாக ஏறினால்தான் இந்த வரிசை. சடாரென்று ஏறினால் எச்சரிக்கையே இல்லாமல் நேராக நினைவு தப்பும், ஏனென்றால் மூளையில் இருக்கும் ஆக்சிஜன் கையிருப்பு 4லிருந்து 6 விநாடிக்குத்தான். நினைவு தப்பினால் 12 விநாடி போல் ஆள் இல்லை, அடுத்த 12 விநாடி போல் ஆள் இருந்தும் இல்லை. தாக்குப்பிடிக்க ஒரு முறை இருக்கிறது: முதலில் கெண்டைக்கால், தொடை, பிட்டத்தை இறுக்கு. மூச்சை இழுத்து அடை. மூன்று விநாடி. ஒரு விநாடிக்குள் மூச்சை விட்டு மறுபடி இழு. மறுபடி அடை. காலையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் ஜி சூட் கூடுதலாக 1 அல்லது 1.5 ஜிதான் தரும், மிச்சம் தசை. எல்லோரும் செய்கிற தப்பு இரண்டு: ஜி ஏறின பிறகு இறுக்கத் தொடங்குவது, மூச்சை நீளமாக விட்டுவிடுவது. தண்ணீர் குடிக்காமல் வந்தால் மூன்றாவது தப்பு. ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் ஓடுபாதையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஏறுகிற விமானியைப் பற்றி மருத்துவர் கவலைப்படுவது இதனால்தான். இறங்கிய பிறகு முழங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சின்ன நாளங்கள் உடைந்தவை, தானே மறையும்.

கடற்படைக்கு இன்னொரு பரீட்சையும் உண்டு. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் எஞ்சின் மேலே இருப்பதால் கவிழும். அதற்காகப் பயிற்சிக் குளத்தில் ஒரு கூண்டை முக்கித் தலைகீழாகத் திருப்புவார்கள். நம் கடற்படைக்கு இப்படிப்பட்ட கூடம் கொச்சியில் இருக்கிறது. ஒரு கை ஜன்னல் விளிம்பிலோ இருக்கையிலோ நிலையாக இருக்க வேண்டும், அந்தக் கைதான் திசை. தண்ணீர் நிரம்பி, கூண்டு சுற்றுவது நின்ற பிறகுதான் அசைய வேண்டும். ஜன்னலைத் திற, பெல்ட்டை அவிழ், பிடித்த கையின் பக்கம் வெளியேறு. உயிர்காப்பு ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளே ஊதினால் அது கூண்டின் மேல் பக்கத்தில் ஆளை ஒட்டவைத்துவிடும். பெல்ட்டை முதலிலேயே அவிழ்ப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். பாம்பன் பாலத்தின் கீழே குதித்து நீந்திப் பழகிய பையன்கள்கூட முதல் தடவை இதில் திணறுவார்கள், நீச்சல் தெரிவதற்கும் தலைகீழாகத் திசை தெரிவதற்கும் தொடர்பில்லை.

பேட்ஜ் கிடைத்ததோடு முடிந்ததா என்றால், இல்லை. ஃப்ளைட் சர்ஜன் மாதாமாதம் பறக்க வேண்டும். அமெரிக்கப் படைகளில் பறப்புப்படி, அதாவது பறப்பதற்கான கூடுதல் சம்பளம், பெறுவதற்கான பழைய அளவுகோல் மாதம் 4 மணி நேரம். மேல்படி நட்சத்திரத்துக்குச் சேவை ஆண்டும் பறந்த மணியும் சேர வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாக வேலையில் மாட்டிக்கொண்டவருக்கு இதுதான் பிரச்சினை. காகிதத்தில் சீனியர், லாக் புத்தகத்தில் வெற்றிடம்.

இந்த நிபந்தனை ஏன் தேவை என்பதற்கு நம் கடலே விடை. நிலவில்லாத இரவில் பாக் நீரிணையின் மேல் பறந்தால் கீழே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் சிதறிக் கிடக்கும், மேலே நட்சத்திரம், நடுவில் தொடுவானக் கோடு கிடையாது. எது வானம், எது தண்ணீர் என்று கண் குழம்பும். உள்காதின் அரைவட்டக் குழாய்கள் விநாடிக்கு 2 டிகிரிக்கும் குறைவான வேகமாற்றத்தில் திரும்பினால் உணரவே உணராது, அதனால் விமானம் மெல்லச் சாய்ந்துகொண்டே போனாலும் உடம்பு நேராக இருப்பதாகவே சொல்லும். கருவியைப் பார்த்து நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதுபோல் இருக்கும். கருவியை நம்பு என்று வகுப்பில் சொல்வது எளிது. பின் இருக்கையில் உட்கார்ந்து அந்தக் குமட்டலையும் பிடிவாதத்தையும் தானே அனுபவித்த மருத்துவரின் வாயிலிருந்து வரும்போதுதான் விமானி காது கொடுக்கிறான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை ஒழுங்குவிதிகளில் எழுத மாட்டார்கள். விமானிகள் நோயை மறைப்பார்கள். மருத்துவரிடம் சொன்னால் தரையில் உட்கார வைத்துவிடுவார் என்ற பயம். சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், அந்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். க்ரூ ரூமில் டீ குடித்துக்கொண்டு, அடுத்த பறப்பில் கூட வரப்போகிறவர் என்றால் 'டாக்டர், ரெண்டு நாளா காது ஒரு மாதிரி இருக்கு' என்று தானாக வாயைத் திறப்பார்கள். பேட்ஜின் வேலையில் பாதி அங்கே நடக்கிறது.

பழைய பேட்ஜ் வாங்கிச் சேர்ப்பவர்களுக்குச் சுருக்கமாக. இரட்டைப் பாம்பு, தங்க நிறம் என்றால் 1943 முதல் 1944 செப்டம்பர் வரை. இரட்டைப் பாம்பு, வெள்ளி என்றால் அதற்குப் பின், போரின் கடைசிக் காலமும் அதை ஒட்டியும். ஒற்றைப் பாம்பு போட்டு 'இரண்டாம் உலகப்போர்' என்று விற்றால் வாங்காதீர்கள். அசலின் பின்புறம் பெரும்பாலும் ஸ்டெர்லிங் என்ற முத்திரை இருக்கும், தங்கப் பூச்சு இறகு நுனிகளில் தேய்ந்து உள்ளே வெள்ளி தெரியும். வார்த்துச் செய்த போலியில் இறகுக் கோடுகள் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்து போல் துளைகள். 'N' எழுத்துள்ள நர்ஸ் பேட்ஜுக்கு விலை அதிகம் என்பதால், சாதாரணச் சிறகில் எழுத்தைப் பிற்பாடு ஒட்டியிருக்கிறார்களா என்று லென்ஸ் வைத்து சாலிடர் தடத்தைப் பாருங்கள். சட்டகத்தில் மாட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படைவீரர் என்று மற்றவர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அத்தகைய உடையோ சின்னமோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168ம் பிரிவில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

நம் நாட்டில் இந்தத் துறைக்குப் போகும் வழி. மையம் பெங்களூரு பழைய விமான நிலைய ரோட்டில் இருக்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசின். விமானப்படையின் கீழ் 1957ல் ஸ்கூல் ஆஃப் ஏவியேஷன் மெடிசின் என்ற பெயரில் தொடங்கியது. சேம்பரும் சென்ட்ரிஃபியூஜும் அங்கேயே உண்டு. ககன்யான் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவச் சோதனையும் அங்கேதான் நடந்தது. முப்படை மருத்துவர்களுக்கு விமான மருத்துவப் பயிற்சிகளும், மூன்றாண்டு எம்.டி. ஏரோஸ்பேஸ் மெடிசின் படிப்பும் இருக்கின்றன. எம்.டி. முடித்தவர்தான் இந்தத் துறையின் நிபுணர்.

உள்ளே நுழைய இரண்டு வாசல். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரியான ஏ.எஃப்.எம்.சி., நீட் மதிப்பெண் வழியாக. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ராணுவ மருத்துவச் சேவையின் ஷார்ட் சர்வீஸ் கமிஷன். ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்து, மாநில மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு கையில் இருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் என்றால் வயது வரம்பு 30, முதுநிலை என்றால் 35. முதலில் 5 ஆண்டு, பிறகு விரும்பினால் இரண்டு தவணையாக மொத்தம் 14 ஆண்டு வரை. தரைப்படையில் கேப்டன், கடற்படையில் சர்ஜன் லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். எந்தப் படை என்பது விருப்பத்தையும் காலியிடத்தையும் பொறுத்தது, அதனால் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை யோசித்து நிரப்புங்கள். விவரங்கள் ஆண்டுக்காண்டு சிறிது மாறும், அந்தந்த ஆண்டு அறிவிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

நேர்முகத்தில் தேறியவர்கள் தடுமாறுவது மருத்துவப் பரிசோதனையில், அதுவும் மருத்துவர்களே. பல் சொத்தையை முன்னதாக அடைத்துவிடுங்கள், வேலை முடிந்து சில வாரமாவது ஆகியிருக்கட்டும். எடையைக் கடைசி மாதத்தில் பட்டினி கிடந்து இறக்காதீர்கள், நாடியிலும் ரத்த அழுத்தத்திலும் தெரிந்துவிடும். கண்ணாடி போடுபவர்கள் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். காது அழுக்கை ஒரு வாரம் முன்னதாகவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எடுத்துவிட வேண்டும், செவிப்பறை தெரியாவிட்டால் சுத்தம் செய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி டிக்கெட் போட்டுப் போக வேண்டியிருக்கும்.